பீட்டில் 1300: வெளுத்துப்போன அலுமினிய பீடிங்கை மீட்க வழி உண்டா?

கூரா1300 (ஜெலுத்தோங், பினாங்கு)

வணக்கம் நண்பர்களே. அப்பா ஓட்டிக்கொண்டிருந்த 1971 பீட்டில் இப்போது என் பொறுப்பில். ஷா ஆலாமில் பூட்டிய வண்டி. எஞ்சினும் பிரேக்கும் ஒரு வழிக்கு வந்துவிட்டன, பெயிண்டும் மோசமில்லை. கண்ணை உறுத்துவது பீடிங்தான். பக்கவாட்டுப் பட்டை, பானெட் நடுவில் ஓடும் பட்டை, ரன்னிங் போர்டு ஓரம், கண்ணாடி ரப்பருக்குள் செருகியிருக்கும் மெல்லிய பட்டை என எல்லாமே வெள்ளை பூத்துக் கிடக்கின்றன. கையால் தடவினால் சில இடத்தில் சொரசொரப்பு, சில இடத்தில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள்.

ஆட்டோசால் மெருகு பேஸ்ட் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ரன்னிங் போர்டில் தேய்த்தால் துணி கன்னங்கரேல் என்று ஆகிறது, கொஞ்சம் பளபளப்பும் வருகிறது. கண்ணாடிப் பட்டையில் எவ்வளவு தேய்த்தாலும் துணி சுத்தமாகவே இருக்கிறது, பட்டையும் அப்படியே இருக்கிறது. ஒரே வண்டி, ஒரே பேஸ்ட். ஏன் இப்படி? குரோம் முலாம் போடும் கடையில் கேட்டால் அலுமினியம் என்றதுமே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்கள்.

பழைய_காடி_பிரியன் (செராஸ், கேஎல்)

பாஸ், அலுமினிய ஃபாயிலைக் கசக்கி கோக்கில் நனைத்துத் தேயுங்கள். என் மினியின் பம்பர் அப்படித்தான் புதுசு மாதிரி ஆனது. செலவே இல்லை. அது சரிப்படாவிட்டால் வீட்டில் குத்துவிளக்கு தேய்க்கும் புளி இருக்கவே இருக்கிறது.

பிறை_அமிலத்தொட்டி (பட்டர்வொர்த்)

பிரியன் தம்பி, ஃபாயில் வைத்தியம் குரோம் பூசிய இரும்புக்கு. பம்பர், வீல் கேப், ஹெட்லைட் வளையம், இதெல்லாம் இரும்பு. மேலே படிந்த துருவை ஃபாயில் சுரண்டி எடுக்கும், அங்கே அது சரி. புளி பித்தளைக்கு. பீடிங்குக்கு இரண்டுமே உதவாது.

பிறை ஊரில் அனோடைசிங் பட்டறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்தப் பட்டை வெறும் அலுமினியம் இல்லை. முதலில் பளபளவென்று மெருகேற்றி, கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி, நேர்மின்வாயாக இணைத்து மின்சாரம் பாய்ச்சுவார்கள். அப்போது உலோகத்தின் மேற்பரப்பே அலுமினிய ஆக்சைடாக மாறிவிடும். இதற்குத்தான் அனோடைசிங் என்று பெயர். பெயிண்ட் போல மேலே பூசியது கிடையாது, உலோகத்திலிருந்தே வளர்ந்த படலம். கார் பீடிங்கில் பெரும்பாலும் 10 மைக்ரானுக்கும் குறைவாகத்தான் இருக்கும். மெல்லியதுதான், ஆனால் கெட்டி. மணல்தாளில் ஒட்டியிருக்கும் பொடி பல வேளை இதே அலுமினிய ஆக்சைடுதான். அதனால் உங்கள் ஆட்டோசாலுக்கு அது மசியாது. நீங்கள் பார்த்த பளபளப்பு அந்தப் படலத்துக்கு அடியில் இருக்கும் உலோகத்தினுடையது. மேலே என்ன தேய்த்தாலும் அடியில் போய்ச் சேராது.

துணி கறுத்தது நல்ல துப்பு. பேஸ்ட் உலோகத்தையே அரித்தெடுத்தால்தான் கறுக்கும். ரன்னிங் போர்டில் படலம் செத்துப் போய்விட்டது. கண்ணாடிப் பட்டையில் இன்னும் உயிரோடு இருக்கிறது.

சந்தேகமில்லாமல் தெரிய ஒரு மல்ட்டிமீட்டர் போதும். பீப் அடிக்கும் நிலையில் வைத்து இரண்டு முனையையும் பட்டையின் மேல் லேசாக வையுங்கள். ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது, அதனால் படலம் இருந்தால் சத்தம் வராது. போயிருந்தால் பீப் அடிக்கும். ஊசிமுனையை அழுத்திக் கீறாதீர்கள். மெல்லிய படலம், குத்தினால் பொத்துக்கொண்டு பீப் அடித்துவிடும். முழு நீளத்துக்கும் விரற்கடை விரற்கடையாகப் பார்த்து, பீப் அடிக்கும் இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி வையுங்கள். அதற்குள் எதையும் தேய்க்க வேண்டாம்.

கூரா1300

நன்றி அண்ணே. நேற்று மாலை மீட்டரோடு உட்கார்ந்தேன். ரன்னிங் போர்டும் பானெட் பட்டையும் எங்கே வைத்தாலும் பீப். கண்ணாடிப் பட்டைகள் நான்கிலும் சத்தமே இல்லை, மங்கல் மட்டும் இருக்கிறது. பக்கவாட்டுப் பட்டைதான் குழப்பம். மேல் விளிம்பில் பீப் இல்லை, கீழ் விளிம்பில் இருக்கிறது. அதுவும் நேர்கோடாக இல்லை, ஏதோ வழிந்து இறங்கிய மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது.

பிறை_அமிலத்தொட்டி

ஸ்னோ வாஷ்?

கூரா1300

ஆமாம்! அப்பா வாராவாரம் ஒரே கடையில்தான் கொடுப்பார். நுரையை அடித்துவிட்டு அடுத்த காருக்குப் போய்விடுவார்கள், வெயிலில் காய்ந்த பிறகு வந்து தண்ணீர் அடிப்பார்கள். வெள்ளைக் கோடு விழுகிறதே என்று ஒரு முறை கேட்டதற்கு, "பழைய காடி அங்கிள், அப்படித்தான் இருக்கும்" என்று சொன்னார்களாம்.

பிறை_அமிலத்தொட்டி

பழைய காடி மேல் பழியைப் போடுவது சுலபம். இந்த ஆக்சைடு படலம் பிஎச் 4 முதல் 9 வரைக்குள் நிம்மதியாக இருக்கும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் கரைய ஆரம்பிக்கும். சில நுரைகளும் எஞ்சின் கழுவும் டிகிரீசர்களும் காரத்தில் 12 வரைகூடப் போகும். தண்ணீர் கலந்து அடித்து உடனே கழுவினால் பெரிய சேதமில்லை. சூடான பட்டையில் காய விட்டால் வழிந்த தடம் அப்படியே பதிந்துவிடும். அலாய் ரிம் கழுவ வைத்திருக்கும் அமிலமும் அதே வேலையை மறுபக்கத்திலிருந்து செய்யும். மிச்சத்துக்கு நம் ஊர்க் கடல்காற்று இருக்கிறது. படலத்தில் எங்கே ஓட்டை கிடைத்தாலும் உப்பு உள்ளே போய்க் குழி பறிக்கும். அந்த ஊசிப்புள்ளிகள் அப்படி வந்தவைதான்.

செந்தூல்_கராஜ் (கேஎல்)

நல்ல இழை. அண்ணன் காரணத்தைச் சொல்லிவிட்டார், வேலையை நான் சொல்கிறேன்.

முதலில் எது அலுமினியம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். காந்தத்தை நம்பாதீர்கள், பல எவர்சில்வர் பட்டைகளிலும் காந்தம் ஒட்டாது. கழற்றி, கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தில் சோடா ஆப்பிக் (காஸ்டிக் சோடா) கரைசல் ஒரு சொட்டு விடுங்கள். சற்று நேரத்தில் குமிழி வந்தால் அலுமினியம், எவர்சில்வர் என்றால் சும்மா இருக்கும். பீட்டிலின் கதவுக் கைப்பிடியில் இந்தச் சோதனை வேண்டாம். அது குரோம் பூசிய துத்தநாக வார்ப்பு, துத்தநாகத்தையும் சோடா ஆப்பி தின்னும்.

படலத்தை எடுக்க அதே சோடா ஆப்பிதான், ஹார்ட்வேர் கடையில் அடைப்பு எடுக்க விற்பார்களே அது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் போதும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். பட்டை நீளமானதால் வாளி உதவாது. பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து இரண்டு முனையிலும் மூடி ஒட்டினால் அளவான தொட்டி ரெடி. ரப்பர் கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் யாரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. கிளம்புவது ஹைட்ரஜன்.

பட்டையை இறக்கினால் முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். படலம் கரைந்து உலோகம் தெரிந்ததும் நுரை சீராகக் கிளம்பும். அந்த நொடி வெளியே எடுத்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். தொட்டியில் விட்டுவிட்டு தே தாரேக் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது பட்டை பாதிதான் இருக்கும். எடுத்ததும் சாம்பல் நிறமாக, மேலே கரி அப்பியது போல இருக்கும். பயப்பட வேண்டாம். அலுமினியத்தில் கலந்திருக்கும் செம்பும் சிலிக்கானும் கரையாமல் தங்குவதால் வரும் கறை அது, தண்ணீரில் துணியால் துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு முக்கு.

இப்போது முக்கியமான விஷயம். கூரா சொல்லும் அந்தப் பக்கவாட்டுப் பட்டையைத் தொட்டியில் போடாதீர்கள். பாதி உயிர், பாதி செத்தது. மேல் விளிம்பில் படலம் கரைவதற்குள் கீழ் விளிம்பில் இருக்கும் வெறும் உலோகத்தை அது தின்று குழியை ஆழமாக்கிவிடும். அப்படிப் பாழான பட்டைகள் என் பட்டறைக்கு வந்திருக்கின்றன. இதற்கு 400 மணல்தாளில் தண்ணீர் போட்டுக் கையால் தேய்த்தே படலத்தை எடுப்பது நல்லது. நேரம் பிடிக்கும், தோள் வலிக்கும், ஆனால் கட்டுப்பாடு உங்கள் கையில்.

கூரா1300

அண்ணே, கழற்றுவதிலேயே பயமாக இருக்கிறது. பட்டை இவ்வளவு மெல்லியதாக இருக்கிறதே.

செந்தூல்_கராஜ்

பக்கவாட்டுப் பட்டை கிளிப்பில் நிற்கிறது. ஸ்க்ரூ டிரைவர் போட்டு நெம்பினால் அந்த இடத்தில் மடிப்பு விழும், மடிப்பை முழுக்க நிமிர்த்தவே முடியாது. பெயிண்ட் மேல் டேப் ஒட்டி, அகலமான பிளாஸ்டிக் நெம்பியைக் கிளிப்புக்கு நேராக நுழைத்து, ஒவ்வொரு கிளிப்பாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்குங்கள். ஒரு முனையைப் பிடித்து வாழைநார் உரிப்பது போல இழுத்தால் முடிந்தது கதை.

நசுங்கல் இருந்தால் பின்பக்கத்திலிருந்து மரக்கட்டையால் தட்டி எடுங்கள். முன்பக்கத்தில் கறுப்பு மார்க்கரைப் பூசி மணல்தாளை ஒரு இழுப்பு இழுத்தால், மேடு வெளுக்கும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். பள்ளத்தைத் தட்டி எழுப்புங்கள், மேட்டைத் தேய்த்துப் பள்ளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். அவ்வளவு தகடு அதில் இல்லை.

பிறகு 400, 600, 800, 1200, 2000. எப்போதும் நீளவாக்கில்தான். முந்தைய தாளின் கீறல் முழுக்கப் போன பிறகே அடுத்தது. 600இல் விட்ட கீறல் பஃப் (துணிச் சக்கரத்தில் மெருகு) அடித்த பிறகு பத்து மடங்காகத் தெரியும். ஆழமான குழிகளை எல்லாம் துரத்த வேண்டாம், ஐம்பது வயது வண்டியில் நாலு புள்ளி இருந்தால் யாரும் கேட்கப் போவதில்லை.

பஃப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கிரைண்டரில் துணிச் சக்கரம் மாட்டி வெறும் கையில் பட்டையைப் பிடிக்காதீர்கள். விளிம்பு சக்கரத்தில் சிக்கினால் பட்டை சாட்டை போலச் சுழன்று வரும், வண்டிப் பாகமும் போகும் விரலும் போகும். ஒரு நீள மரச்சட்டத்தில் பட்டையைப் பொருத்திக்கொண்டு, சக்கரத்தின் கீழ்ப்பாதியில் மட்டும், விளிம்பை விட்டு விலகும் திசையில் காட்டுங்கள். முதலில் பழுப்பு மெருகுக் காம்பவுண்ட், அப்புறம் வேறு சக்கரத்தில் வெள்ளை. இரும்புக்குப் பயன்படுத்திய சக்கரம் வேண்டவே வேண்டாம். கடைசியில் சோளமாவு தூவி மென்மையான துணியால் துடையுங்கள், காம்பவுண்டின் எண்ணெய்ப் பிசுக்கு மாவோடு வந்துவிடும். எங்கள் பட்டறையில் சோளமாவு டப்பா எப்போதும் உண்டு. வாடிக்கையாளர்கள் பார்த்துவிட்டு மதியச் சமையலா என்று கேட்பார்கள்.

தண்ணீர்மலை_230 (பினாங்கு)

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். செய்முறை எல்லாம் சரி. ஆனால் யாரும் விலையைச் சொல்லவில்லை. நான் காசைச் சொல்லவில்லை, பின்னால் படப்போகும் பாட்டைச் சொல்கிறேன்.

படலத்தை எடுத்துவிட்டால் அந்தப் பட்டை இனி வெறும் அலுமினியம். கடலோரக் கெர்னி டிரைவ் பக்கம் இரண்டு தடவை ஓட்டிவிட்டு மழையில் நனைய விடுங்கள், மங்கத் தொடங்கிவிடும். பிறகு ஆயுள் முழுக்க மெழுகும் துணியுமாகத் திரிய வேண்டும். கிளியர் லாக்கர் அடித்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். மெருகேற்றிய அலுமினியத்தில் லாக்கர் பிடித்து நிற்பதே கஷ்டம். ஒரு சின்னக் கீறல் விழுந்தால் ஈரமும் உப்பும் அதன் வழியே போய், லாக்கருக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் போல நெளிநெளியாக அரிப்பு ஓடும். ஈரப்பதமும் கடலுப்பும் சேர்ந்த இடத்தில் அது இன்னும் வேகம். அதைச் சரிசெய்ய லாக்கரையும் உரித்து, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

என் பழைய பென்ஸில் பீடிங் மங்கல்தான். பீப் அடிக்காத எதையும் நான் தொடுவதில்லை. மிதமான ஷாம்பூ, நல்ல மெழுகு, அவ்வளவுதான். கண்ணாடிப் பட்டைகளை விட்டுவிடுங்கள் தம்பி. தொழிற்சாலையில் போட்ட படலம் இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது, நம் கையால் அதற்கு ஈடு செய்ய முடியாது.

செந்தூல்_கராஜ்

கண்ணாடிப் பட்டை விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். அதை எடுக்க வேண்டுமென்றால் கண்ணாடியையே இறக்க வேண்டும். பட்டையை ரப்பரின் பள்ளத்தில் செருகிய பிறகுதான் கண்ணாடியை ரப்பரோடு சேர்த்துக் கயிறு போட்டு வண்டியில் ஏற்றுவார்கள். வண்டியில் இருக்கும்போதே பிடுங்கினால் மூலையில் வளைந்து போகும்.

லாக்கர் பற்றியும் சரிதான். ஆனால் ரன்னிங் போர்டும் பானெட்டும் ஏற்கெனவே செத்தவை. அங்கே காப்பாற்ற எதுவுமில்லையே? செய்தால் என்ன நட்டம்?

தண்ணீர்மலை_230

நட்டமில்லை. ஆனால் பாதி பளபள, பாதி மங்கல் என்று வண்டி ஒட்டுப்போட்ட மாதிரி நிற்கும். அதைச் சகித்துக்கொள்ள முடியுமா என்பது அவர் இஷ்டம்.

பழைய_காடி_பிரியன்

மறுபடி அனோடைசிங் செய்தால் இந்தச் சண்டையே இல்லையே?

பிறை_அமிலத்தொட்டி

செய்யலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். தொழிற்சாலையில் அந்தக் கண்ணாடி மினுக்கு வருவதற்கு, அனோடைசிங்குக்கு முன் பாஸ்பாரிக், நைட்ரிக் அமிலம் கலந்த சூடான தொட்டியில் ஒரு முக்கு முக்குவார்கள். எல்லாப் பட்டறையிலும் அந்தத் தொட்டி கிடையாது. சாதாரணப் பட்டறைகளில் பலவும் அனோடைசிங்குக்கு முன்னால் சோடா ஆப்பியில் அரித்தெடுப்பதைப் பழக்கமாக வைத்திருக்கும். நீங்கள் வாரக்கணக்கில் ஏற்றிய மெருகு அந்தத் தொட்டியில் போய்விடும், பட்டை ஜன்னல் சட்டம் போல வெள்ளி மங்கலாகத் திரும்பி வரும். அதனால் கொடுக்கும்போதே, "அரிக்காமல், எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் எடுத்துவிட்டுப் போடுங்கள்" என்று எழுதியே கொடுங்கள்.

இரும்புக் கிளிப், ஆணி, திருகு எதுவும் பட்டையில் இருக்கக் கூடாது, அமிலத்தில் கரைந்து போகும், பட்டையையும் கெடுக்கும். மின்சாரம் பாய்ச்சப் பிடிக்கும் இடத்தில் ஒரு சின்னத் தழும்பு நிற்கும். அது எந்த இடத்தில் விழலாம் என்று நீங்களே பின்பக்கத்தில் குறித்துக் கொடுங்கள். உங்கள் ஒரு வண்டிக்காகத் தொட்டியை ஓட்ட மாட்டார்கள், நிறமில்லாத சரக்கு ஓடும் நாளில் கூடவே தொங்கவிடச் சொல்லுங்கள். முதலில் உடைந்த துண்டு ஏதாவது இருந்தால் அதைக் கொடுத்துப் பார்ப்பது புத்திசாலித்தனம். பினாங்கு லோரோங் கூலிட் பழைய சாமான் சந்தையில் தேடினால் பழைய பீடிங் துண்டு கிடைக்காமல் போகாது.

மெருகு மட்டும் ஏற்றி மெழுகோடு விடுவதா, அனோடைசிங்கா என்று என்னைக் கேட்டால், ரன்னிங் போர்டுக்கு அனோடைசிங்தான். தினமும் கால்படும், சக்கரத்தின் சேறும் உப்பும் நேராக அடிக்கும் இடம், மெழுகு அங்கே நிற்காது. பானெட் பட்டைக்கு மெழுகே போதும், கைக்கு எட்டும் இடம், துடைத்துக்கொள்ளலாம்.

கூரா1300

நிலவரம் சொல்கிறேன். பானெட் பட்டை முடிந்தது. பிவிசி தொட்டி யோசனை அற்புதம். கரி அப்பியது போல வந்ததும் அம்மா பார்த்துவிட்டு, "அப்பா காடியை எரிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டார். 2000 வரை போய், பஃப் அடித்து, சோளமாவு போட்டுத் துடைத்ததும் அதே அம்மா முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

ஒரே ஒரு இடத்தில் கறை. பட்டையின் நடுவில் வட்டமாக இளஞ்சிவப்பு, அங்கே குழிகளும் நெருக்கமாக இருக்கின்றன. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அப்பா சந்தனம், குங்குமம் வைக்கும் இடம் அதுதான்.

ரன்னிங் போர்டு இரண்டையும் 2000 வரை தேய்த்து வைத்திருக்கிறேன், அனோடைசிங் பட்டறையில் பேசியாயிற்று. கண்ணாடிப் பட்டைகளைத் தொடவில்லை. பக்கவாட்டுப் பட்டையை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறை_அமிலத்தொட்டி

பொட்டு ஈரத்தோடு மாதக்கணக்கில் அங்கேயே இருந்திருக்கும். அடியில் ஈரம் தங்கினால் குழி விழத்தான் செய்யும். படலம்தான் போய்விட்டதே, குங்குமச் சாயம் அந்தக் குழிகளுக்குள் தங்கியிருக்கலாம். அடுத்த பூஜைக்கு மறுநாளே துடைத்துவிடச் சொல்லுங்கள். இந்தக் கறையை 600இல் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், போகாவிட்டால் விடுங்கள்.

தண்ணீர்மலை_230

போகாவிட்டால் விடுங்கள் என்ன, அதை எடுக்கவே கூடாது என்பேன் நான்.

செந்தூல்_கராஜ்

திரும்பப் பூட்டும்போது ஒன்று கவனியுங்கள். பக்கவாட்டுக் கிளிப்புக்குப் பின்னால் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறை வரும், துளைக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது அதுதான். பழையது நொறுங்கியிருக்கும். அது இல்லாமல் பூட்டினால் கதவுக்குள் தண்ணீர் இறங்கித் துருப்பிடிக்கும். பீடிங் மினுங்கி, பாடி ஓட்டையாகும். புதிய உறை வாங்குங்கள், கிளிப்பிலும் துளை ஓரத்திலும் மெழுகு தடவுங்கள். இரும்பும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேருக்கு நேர் தொட்டுக்கொண்டிருந்தால் முதலில் கரைவது அலுமினியம்தான். பட்டையின் பின்பக்கத்தில் வெள்ளைப் பொடி கட்டியிருந்ததே, அது கிளிப் தொட்ட இடத்தில் மட்டும்தானே?

கூரா1300

ஆமாம் அண்ணே, சரியாக ஒவ்வொரு கிளிப்பிலும்.

வெஸ்பா_அக்கா (பட்டர்வொர்த்)

நடுவில் நுழைகிறேன். என் வெஸ்பாவில் கால் வைக்கும் தளத்தில் ஓடும் அலுமினியக் கம்பிகளும் இதே கதையா? மீட்டர் இல்லை. ஆட்டோசால் போட்டால் எல்லா இடத்திலும் துணி கறுக்கிறது.

பிறை_அமிலத்தொட்டி

எல்லா இடத்திலும் கறுத்தால் படலம் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம் அக்கா, பல வெஸ்பாக்களில் முதலிலிருந்தே இருக்காது. சோடா ஆப்பி உங்களுக்குத் தேவையே இல்லை. ரப்பரை உருவி எடுத்துவிட்டு, 600இல் ஆரம்பித்து நேராக மெருகுக்குப் போங்கள். ரிவெட் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி இருந்தால் மட்டும் கம்பியைக் கழற்றி அடியில் பார்த்துவிடுங்கள். அங்கே தளத்துத் தகடு துருப்பிடித்திருக்கும்.

வெஸ்பா_அக்கா

பொடி இருக்கிறது. இடது பக்கம், பிரேக் பெடல் இருக்கும் பக்கமில்லை, ஸ்டாண்ட் போடும் பக்கம். சனிக்கிழமை கழற்றிவிட்டுப் படம் போடுகிறேன்.

பிறை_அமிலத்தொட்டி

ஸ்டாண்ட் பக்கம்தான் தண்ணீர் சாய்ந்து தேங்கும். ரிவெட்டைத் துளைக்கும்போது தகட்டுத் துளை பெரிதாகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படம் போட்டதும் சொல்லுங்கள்.